கை மரத்துப்போனால்: விரலில் தொடங்கிக் கழுத்துவரை சோதிக்கும் வழி

போன மாதம் ஓவர்லாக் தைக்கும் ஒரு அக்கா வந்தார். கையில் பெரிய கவர். உள்ளே கழுத்து எம்.ஆர்.ஐ. படம், ரத்தச் சோதனை முடிவுகள், மூன்று மாதமாகப் போட்டுக்கொண்ட நரம்பு ஊசியின் சீட்டுகள். "கழுத்துல சவ்வு விலகியிருக்குதாமுங்க" என்றார். எந்த விரல் மரக்கிறது என்று கேட்டேன். "கை முழுக்கங்க" என்றார். ஒரு பேனாவைக் கொடுத்து, மரக்கும் இடத்தை மட்டும் அந்தக் கையின் மேலேயே வரையச் சொன்னேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று சுற்றிக்கொண்டு போன பேனா மோதிர விரலில் நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த விரலின் நடுவில் நேராக ஒரு கோடு இழுத்தார். நடுவிரல் பக்கத்துப் பாதி மரப்பு, சுண்டுவிரல் பக்கத்துப் பாதி சரியாக இருக்கிறது. சுண்டுவிரலுக்குப் பேனா போகவே இல்லை.

கோளாறு மணிக்கட்டில் இருக்கிறது என்பதற்கு அந்தக் கோட்டைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. கழுத்துப் படத்தில் தெரிந்த விலகல் பொய்யில்லை. நாற்பதைத் தாண்டிய பலருக்கு, வலியே இல்லாதவர்களுக்கும்கூட, படம் எடுத்தால் அப்படித் தெரியும். அவர் கையை மரக்க வைத்தது அது இல்லை, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் யாரும் அவர் விரல்களைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை வருத்தியது.

திருப்பூரில் பிசியோதெரபிஸ்டாக 18 வருடம் ஆகிறது. தையல், கட்டிங், செக்கிங் வேலை செய்பவர்களின் கைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். வீட்டில் ஒருவருக்கு ஒருவர் சோதித்துப் பார்க்கவும், புதிதாக வேலைக்கு வந்த தம்பி தங்கைகளுக்கு உதவவும் இதை எழுதுகிறேன். உங்களுக்கு இருக்கும் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போங்கள். இந்தச் சோதனைகள் எங்கே போவது, எவ்வளவு சீக்கிரம் போவது என்று காட்டும். நோய் இதுதான் என்று உறுதி செய்வது மருத்துவர் வேலை.

சோதனைக்கு முன், இவை இருந்தால் உடனே கிளம்புங்கள்

கை திடீரென்று விழுந்து, கூடவே வாய் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, அதே பக்கத்துக் கால் இழுத்தாலோ, அது பக்கவாதம். 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

இடது கைக் குடைச்சலோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் ஈ.சி.ஜி.தான் முதல் வேலை. "வாய்வு" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அடிபட்ட பிறகு கை மரத்தால் கழுத்தை அசைக்காமல் கொண்டுபோக வேண்டும்.

என்னென்ன வேண்டும், எப்படித் தொடுவது

கொஞ்சம் பஞ்சு, புதிய பல்குச்சி ஒன்று, ஒரு தாள், பேனா, விநாடி காட்டும் கடிகாரம். சட்டையைத் தோள்வரை மடித்து விடுங்கள். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நல்ல கைதான் அளவுகோல், அதனால் எந்தச் சோதனையையும் நல்ல கையில் முதலில் செய்யுங்கள்.

தொடும்போது "தெரியுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "தெரியுது" என்றுதான் சொல்வார்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு, பிறகு ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டு, "இதுவும் அதுவும் ஒரே மாதிரி இருக்குதா?" என்று கேளுங்கள். பஞ்சு முடிந்ததும் பல்குச்சியின் கூர் முனை. அழுத்தக் கூடாது, தோல் லேசாகக் குழியும் அளவு போதும். மாறுகிற எல்லையைப் பேனாவால் குறித்து, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவருக்கு அந்தப் படம் மிகவும் உதவும்.

சொல்லத் தெரியாத குழந்தைகளிடமும், பதில் மாற்றி மாற்றிச் சொல்பவர்களிடமும் தோலையே கேட்கலாம். நரம்பு நன்றாகக் கெட்ட இடத்தில் வியர்வை வராது. வழவழப்பான பிளாஸ்டிக் பேனாவின் பக்கவாட்டை விரல் மேல் இழுத்தால் நல்ல விரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நகரும், வறண்ட விரலில் வழுக்கிக்கொண்டு ஓடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கையையும் அரை மணி நேரம் வைத்தால் நல்ல விரல்நுனி சுருங்கும், நரம்பு அறுந்த விரல் சுருங்காமல் வழவழவென்றே இருக்கும். தண்ணீரின் சூட்டை நல்ல கையால் பார்த்துவிட்டு வையுங்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாது.

பலம் பார்க்கும்போது நாங்கள் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். 5 என்றால் முழு பலம். 3 என்றால் தன் எடையைத் தூக்கும், உங்கள் விரலை எதிர்த்து நிற்காது. 0 என்றால் தசை துடிக்கக்கூட இல்லை. வீட்டில் இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். "சரிசமம், குறைவு, சுத்தமாக இல்லை" என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் போதும்.

அறிகுறி 1: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரப்பு. இரவில் எழுப்பிவிடுகிறது

நான் பார்ப்பதில் மிக அதிகம் இதுதான். இரவு இரண்டு மூன்று மணிக்குக் கை மதமதவென்று எழுப்பும். எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுவதுபோல் கையை உதறினால் குறையும். வண்டி ஓட்டும்போதும், போனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும், பூ கட்டும்போதும் வரும். மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை வழியே வரும் மீடியன் நரம்பு அமுங்குவதால் வருவது. கார்ப்பல் டனல் என்று சீட்டில் எழுதுவார்கள்.

உதறினால் குறைகிறதா என்று கேட்பதே முதல் சோதனை. "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே கையை உதறிக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது ஃபேலன் சோதனை. இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, முன்கையை நேராக நிறுத்தி, மணிக்கட்டுகளைத் தானாக மடிந்து தொங்க விடுங்கள். 60 விநாடி. அந்த நேரத்துக்குள் அதே மூன்று விரல்களில் மரப்பு வந்தால் பலித்தது என்று அர்த்தம். மணிக்கட்டு வலித்தால் கணக்கில் சேர்க்காதீர்கள், விரலில் வந்தால்தான் கணக்கு.

அது தெளிவாக இல்லையென்றால் உள்ளங்கையின் அடியில், இரண்டு மேடுகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், உங்கள் இரண்டு கட்டைவிரலாலும் 30 விநாடி அழுத்துங்கள். எனக்கு ஃபேலனைவிட இதில்தான் நம்பிக்கை அதிகம். மணிக்கட்டு விறைத்து மடங்காதவர்களுக்கும் இதைச் செய்யலாம். மணிக்கட்டு மடிப்பில் விரலால் தட்டினால் விரல்நுனியில் சுருக்கென்று ஓடுவதை டினெல் அறிகுறி என்போம். பிரான்சில் டினெலும் ஜெர்மனியில் ஹோஃப்மனும் 1915-இல் தனித்தனியே எழுதியது. அது வராவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நோய் இருக்கும் பலருக்கும் அது வருவதில்லை.

இப்போது பலம். உள்ளங்கையை மேலே பார்க்க மேசையில் வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேராக உயர்த்தச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலால் அதைக் கீழே தள்ளுங்கள். நல்ல கை தள்ள விடாது. அப்படியே கட்டைவிரல் அடிமேட்டைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். ஒரு கையில் மேடு, மறு கையில் சப்பை என்றால் கோளாறு பழையது.

_உள்ளங்கை மேட்டிலும் மரப்பு இருந்தால்:_ கட்டைவிரல் அடிமேட்டின் தோலுக்குப் போகும் கிளை அந்தக் குறுகலான பாதைக்குள் நுழையாமல் வெளியே போகிறது. ஆகவே மணிக்கட்டில் மட்டும் கோளாறென்றால் விரல் மரத்தும் மேடு நன்றாக இருக்க வேண்டும். மேடும் மரத்திருந்தால் கோளாறு மணிக்கட்டுக்கு மேலே எங்கோ இருக்கிறது.

_முன்கையின் கட்டைவிரல் பக்கமும் மரத்து, முழங்கையை மடக்கும் பலமும் குறைந்திருந்தால்:_ கழுத்து. அறிகுறி 3-க்குப் போங்கள். மணிக்கட்டுக் கோளாறிலும் குடைச்சல் தோள்வரை ஏறும், அதை வைத்துக் குழம்ப வேண்டாம். மரப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

என்ன செய்வது? முதலில் மணிக்கட்டுப் பட்டை. தூங்கும்போது மட்டும், குறைந்தது 6 வாரம். மெடிக்கலில் கிடைக்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளே இருக்கும் தகடு மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கும். நமக்கு வேண்டியது நேரான மணிக்கட்டு. தகட்டை வெளியே உருவி, மேசை விளிம்பில் வைத்து நிமிர்த்திவிட்டு மறுபடி செருகுங்கள். "பட்டை போட்டும் குறையலீங்க" என்று வந்தவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

கூடவே சர்க்கரை, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பாருங்கள். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் வந்தால், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகக் குறையும், அதுவரை பட்டை போதும். 6 வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவர் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம். மரப்பு பகலிலும் விடாமல் நின்றுவிட்டாலோ, அடிமேடு சப்பையாகத் தொடங்கினாலோ பட்டையோடு காத்திருக்கக் கூடாது. நரம்புக் கடத்தல் சோதனை எடுத்து, கை அறுவை நிபுணரைப் பாருங்கள். கரைந்த தசை திரும்ப நிரம்புவது கடினம்.

அறிகுறி 2: சுண்டுவிரலும் பாதி மோதிர விரலும் மரப்பு

முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடிக்குமே, அதே அல்னார் நரம்பு. மெஷின் மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி வேலை செய்பவர்கள், முழங்கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குபவர்கள், மணிக்கணக்கில் போனைக் காதில் வைத்திருப்பவர்கள் இதில் அதிகம்.

இரண்டு முழங்கையையும் முழுதாக மடக்கி, மணிக்கட்டைப் பின்பக்கம் சாய்த்து, ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். தெளிவாக இல்லையென்றால் 3 நிமிடம் வரை. சுண்டுவிரலில் மரப்பு ஏறினால் கோளாறு முழங்கையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு தாள் சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் இழுங்கள். நல்ல கை கட்டைவிரலை நேராக வைத்தே பிடிக்கும். அல்னார் நரம்பு தளர்ந்த கையில் கட்டைவிரலின் நுனிக் கணு மடங்கிவிடும். தனக்கு உதவ வராத தசைக்குப் பதிலாக வேறொரு தசையை இழுத்துப் போடுகிறது. இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துச் செய்தால் நோயாளியே பார்த்துவிட்டு, "அட, இந்த வெரல் மடங்குதுங்க" என்பார்.

நடுவிரலை ஆள்காட்டி விரல் மேல் ஏற்றிப் பின்னச் சொல்லி, நல்ல கை அளவுக்கு முடிகிறதா என்று பாருங்கள். புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள சதையைப் பாருங்கள். அங்கே குழி விழுந்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

கோளாறு எந்த இடத்தில் என்று பிரிக்க, புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்திலும் முன்கையின் உள்பக்கத்திலும் பஞ்சை வையுங்கள்.

_புறங்கையின் சுண்டுவிரல் பக்கம் நன்றாக இருந்தால்:_ கோளாறு மணிக்கட்டில். அந்த இடத்துக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. கட்டிங் கத்திரியை உள்ளங்கையின் அடிப்பகுதியில் அழுத்திப் பிடிப்பவர்களிடமும், நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களிடமும் பார்த்திருக்கிறேன். நீர்க்கட்டி ஒன்றும் அங்கே அமுக்கலாம், அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரியும்.

_புறங்கையும் மரத்து, மணிக்கட்டோடு நின்றால்:_ முழங்கை.

_முன்கையின் உள்பக்கமும் மரத்திருந்தால்:_ மேலே, கழுத்தில் நரம்பு கிளம்பும் வேரிலோ அக்குள் அருகேயோ. அறிகுறி 1-இல் சொன்ன கட்டைவிரல் உயர்த்தும் பலத்தையும் பாருங்கள். அதுவும் குறைந்திருந்தால் அல்னார் நரம்பை மட்டும் வைத்து விளக்க முடியாது. புகை பிடிப்பவருக்கு இந்த வலியோடு அதே பக்கத்துக் கண்ணிமை தொங்கி, கண்மணியும் சிறுத்திருந்தால், நுரையீரல் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று அந்த வாரமே பார்க்க வேண்டும்.

_முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறுபோல் தடித்திருந்தால்:_ இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். முழங்கையைப் பாதி மடக்கி, உள்பக்க எலும்பு முனைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரலை வைத்து நரம்பை மெல்ல உருட்டிப் பாருங்கள். மறு கையோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தடித்து, தொட்டால் வலித்து, உடம்பில் எங்காவது வெளிறிய அல்லது சிவந்த உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயைச் சந்தேகிக்க வேண்டும். முதுகையும் தொடையையும்கூட வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊரில் இது ஒழிந்துவிட்டது என்று நினைத்து யாரும் தேடுவதில்லை.

கூட்டு மருந்து சிகிச்சை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ. நரம்பு பலம் இழந்து 6 மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து மீட்க முயல்வார்கள், அதற்கு மேல் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். வெட்கப்பட்டு மறைத்து, விரல் மடங்கிய பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் வழி இருக்கிறது. மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றும் அறுவையை 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் செய்யத் தொடங்கினார்.

சாதாரண முழங்கை அமுக்கம்தான் என்றால் வீட்டு வைத்தியம் எளிது. மேசை விளிம்பில் ஸ்பாஞ்சு ஒட்டுங்கள். இரவில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள், கை மடங்காமல் இருந்தால் போதும். போனுக்கு இயர்போன். தாள் சோதனையில் விரல் மடங்கினால் இதெல்லாம் செய்துகொண்டே நிபுணரிடம் போக வேண்டும், குறையும் என்று காத்திருக்கக் கூடாது.

அறிகுறி 3: கழுத்திலிருந்து கையில் கரண்ட் இறங்குவதுபோல்

தோள்பட்டைக்குப் பின்னால் தொடங்கி, கைக்குள் ஒரு கோடுபோல் இறங்கும். இருமினாலும் தும்மினாலும் சுருக்கென்று இழுக்கும். இப்படி வருபவர்களில் சிலர் உள்ளே நுழையும்போதே கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வருவார்கள். அப்படி வைத்தால் வலி குறைகிறதா என்று கேளுங்கள். குறைந்தால் கழுத்து நரம்பு வேர் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

உட்கார வைத்து, தலையைத் தானாகவே பின்னால் சாய்த்து, வலிக்கும் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வலி கைக்குள் இறங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். எங்கள் அறையில் இதோடு தலையில் அழுத்தியும் பார்ப்போம். ஸ்பர்லிங் சோதனை என்று பெயர். வீட்டில் அழுத்த வேண்டாம். கழுத்து மட்டும் வலித்தால் கணக்கில்லை.

எந்த வேர் என்று பார்க்க விரலையும் தசையையும் சேர்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கம் மரத்து முழங்கையை மடக்கும் பலம் குறைந்தால் ஆறாவது வேர். நடுவிரல் மரத்து, கையை நீட்டிச் சுவரைத் தள்ளும் பலம் குறைந்தால் ஏழாவது. சுண்டுவிரல் மரத்துப் பிடிமானம் தளர்ந்தால் எட்டாவது. மருத்துவர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் இதைத்தான், ஏழாவது வேரென்றால் முழங்கைக்குப் பின்னால் தட்டும்போது கை துள்ளாது.

பலம் சரியாக இருந்தால் பயம் வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் தணிகிறது. ஒரே தலையணை, தலையில் சுமை வேண்டாம், வலி மாத்திரை மருத்துவர் சொன்னபடி. சுளுக்கு எடுப்பதும், முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சொடுக்குவதும் கூடவே கூடாது. பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் தணியாத வலி சேர்ந்தாலோதான் எம்.ஆர்.ஐ. அவசரம்.

_எரிச்சலாகத் தொடங்கி, சில நாளில் அதே கோட்டில் கொப்புளம் வந்தால்:_ அது அக்கி. காவி பூசி அக்கி எழுதுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன்.

அறிகுறி 4: மணிக்கட்டு தொங்குகிறது, தூக்க முடியவில்லை

இரவு ஷிஃப்ட் முடிந்து, பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப் போட்டுத் தூங்கிய ஒரு பையன், காலையில் எழுந்தபோது வலது மணிக்கட்டு அறுந்ததுபோல் தொங்கியது. அம்மா அழுதுகொண்டே அழைத்து வந்தார், பக்கவாதம் என்று பயந்து. பயந்தது சரிதான். முதலில் அதைத்தான் விலக்க வேண்டும்.

பல்லைக் காட்டச் சொன்னேன், வாய் கோணவில்லை. பேச்சு தெளிவு. ஒற்றைக் காலில் நின்றான். பிறகு முஷ்டி பிடிக்கச் சொன்னேன். மூளையால் விழுந்த கை என்றால் பெரும்பாலும் முஷ்டி பிடிக்கும்போது மணிக்கட்டும் கூடவே மேலே எழும். இவனுக்கு இன்னும் தொங்கியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புறங்கைத் தோலில் பஞ்சு மங்கலாகத்தான் தெரிந்தது. மடங்கிய முழங்கையை நீட்டும் தசை நன்றாக இருந்தது. அப்படியென்றால் மணிக்கட்டைத் தூக்க வைக்கும் ரேடியல் நரம்பு மேல்கையின் நடுவில், எலும்பை ஒட்டி அமுங்கியிருக்கிறது.

இங்கே புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. மணிக்கட்டு தொங்கும்போது பிடிமானமும் விரல் விரிப்பதும் தளர்வாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மூன்று நரம்பும் போச்சு என்று எழுதிவிடுவார்கள். மணிக்கட்டை நேராகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அல்லது உள்ளங்கையை மேசையில் பரப்பி வைத்து, மறுபடி சோதியுங்கள். பலம் வந்துவிடும். அதேபோல விரல்நுனிக் கணு நிமிர்வதைப் பார்த்து ரேடியல் நரம்பு நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். நுனியை நிமிர்த்துவது வேறு தசை. விரலின் அடிக் கணு நிமிர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு மணிக்கட்டைத் தாங்கும் பட்டை போட்டு, விரல்களை நாள்தோறும் மறு கையால் நிமிர்த்தச் சொல்லி அனுப்பினேன். ஏழாவது வாரம் தானாக மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். அமுங்கியதால் வந்தவை பெரும்பாலும் சில வாரத்தில், அதிகம் போனால் 3 மாதத்தில் மீளும்.

_முழங்கையை நீட்டவும் முடியாவிட்டால்:_ கோளாறு அக்குளில். அக்குள் கட்டையைத் தவறாக ஊன்றி நடப்பவர்களைக் கவனியுங்கள்.

_மணிக்கட்டு தூக்கும், ஆனால் கட்டைவிரல் பக்கம் சாய்ந்து தூக்கும், விரல்கள் நிமிராது, மரப்பும் இல்லை என்றால்:_ முழங்கைக்குக் கீழே ஒரு கிளை அமுங்கியிருக்கிறது. கொழுப்புக் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

_மேல்கை எலும்பு முறிந்தபோதோ, மேல்கையில் ஊசி போட்ட அந்த நொடியில் கரண்ட் அடித்தோ தொங்கினால்:_ அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வெட்டுக் காயத்துக்குப் பின் தொங்கினால் நரம்பு அறுந்ததாகவே எடுத்துக்கொண்டு அன்றே அறுவை மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேலே தோலைத் தைத்துவிட்டு உள்ளே நரம்பை விட்டுவிடுவது நடக்கிறது. அறுந்த நரம்பு ஒட்டிய பிறகும் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும், மாதத்துக்கு ஓர் அங்குலம். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் கணக்கில் வரும்.

அறிகுறி 5: இரண்டு கையும் சேர்ந்து மந்தம்

முதலில் காலைக் கேளுங்கள். பாதம் இரண்டும் முன்பே மரத்து, பிறகு கைக்கு வந்திருந்தால் சர்க்கரை, பி12 குறைவு, மதுப்பழக்கம் என்ற வரிசையில் தேடலாம். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் பி12 பார்ப்பது நல்லது. நரம்பு ஊசி என்று போடும் பி12 ஊசி இங்கேதான் பொருந்தும். மணிக்கட்டில் அமுங்கிய நரம்பை அந்த ஊசி விடுவிக்காது. பாதம் நன்றாக இருந்து, இரண்டு கையிலும் மூன்று விரல் மட்டும் என்றால் இரு பக்கமும் அறிகுறி 1.

வலி பெரிதாக இல்லை, ஆனால் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, நடக்கும்போது தள்ளாடுகிறது என்றால் மிகவும் கவனமாக இருங்கள். கழுத்தில் தண்டுவடமே அமுங்கியிருக்கலாம். 10 விநாடியில் எத்தனை முறை முழுதாக முஷ்டி பிடித்து முழுதாக விரிக்க முடிகிறது என்று எண்ணுங்கள். நல்ல கை 20 முறைக்கு மேல் செய்யும். ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள், விழாமல் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். கழுத்தைக் குனிந்தால் முதுகெலும்பில் கரண்ட் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். இதில் இரண்டு ஒத்துப்போனாலே மசாஜ், இழுவை, பயிற்சி எதுவும் வேண்டாம். அந்த வாரமே நரம்பியல் அறுவை நிபுணரைப் பாருங்கள். சிறுநீர் அடக்க முடியாமல் போனால் அன்றே. எம்.ஆர்.ஐ.க்குத் தயங்காமல் செலவு செய்ய வேண்டிய இடம் இது.

அறிகுறி 6: வலி இருக்கிறது, மரப்பு இல்லை

பெரும்பாலும் நரம்பு இல்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் உயிர் போகிறது என்றால் அது தசைநாண் உறை வீக்கம். முழங்கை வெளிப்பக்கம் அழுத்தினால் வலித்தால் அதுவும் தசைநாண்தான். ஒரு விதிவிலக்கு: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டமாக ஒரு சுழியம் பிடிக்கச் சொல்லும்போது, நுனிக் கணுக்கள் மடங்காமல் தட்டையாக ஒட்டினால், மரப்பு இல்லாமலே மீடியன் நரம்பின் கிளை ஒன்று தளர்ந்திருக்கிறது. நிபுணர் பார்க்க வேண்டும்.

எந்தப் பரிசோதனை, எப்போது

நரம்புக் கடத்தல் சோதனையில் கரண்ட் வைப்பார்கள், சுருக்கென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். அடிபட்ட மறுநாளே ஊசி வைத்துத் தசையைச் சோதிப்பதில் பயன் குறைவு, ஏறக்குறைய 3 வாரம் கழிந்தால்தான் தசையில் சேதம் தெரியும். மணிக்கட்டு, முழங்கைக் கோளாறுகளுக்கு நரம்புக் கடத்தல் சோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் முதலில், எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தேவைப்படாது.

போகும்போது ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த விரல், எதைச் செய்தால் கூடும் குறையும், எந்த அசைவில் பலம் இல்லை. பேனாக்கோடு போட்ட கையின் படத்தையும் காட்டுங்கள். அந்த ஓவர்லாக் அக்கா கோட்டை அழிக்காமலே மருத்துவரிடம் போனார். நிமிர்த்திய பட்டையோடு ஐந்து வாரம் தூங்கிவிட்டார், இப்போது இரவில் எழுவதில்லை. ஃபேலன் மட்டும் நாற்பதாவது விநாடியில் இன்னும் வருகிறது, அடுத்த மாதம் மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.